அளவுத்திட்டப் படம்

அளவுத்திட்டப் படம் என்பது ஒரு பொருளின் அல்லது இடத்தின் எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கியோ பெருக்கியோ வரையப்படும் படம் ஆகும். படத்தில் உள்ள நீளத்துக்கும் அதற்கு நேரான உண்மையான நீளத்துக்கும் இடையேயுள்ள விகிதம் அளவுத்திட்டம் எனப்படும். தமிழ்நாட்டுப் புவியியல் பாடநூல்களில் இது அளவை என்றும், இலங்கைக் கணிதப் பாடநூல்களில் அளவிடை என்றும் வழங்குகின்றது. வீட்டின் தரைப்படம், நிலப்படம், புலப்படம், இயந்திர உறுப்புகளின் வரைபடம், உயிரியல் நூல்களில் காணப்படும் பெரிதாக்கப்பட்ட படங்கள் ஆகிய அனைத்தும் அளவுத்திட்டப் படங்களே.

நடுநிலைப்பள்ளிக் கணிதத்தில் விகிதம், விகிதசமம், வடிவொத்த உருவங்கள் ஆகிய மூன்று பாடங்களும் ஒன்றுகூடும் இடம் இது. கணக்கு எளிதாகத் தோன்றினாலும், நீளத்துக்குப் பொருந்தும் விகிதத்தைப் பரப்பளவுக்கு அப்படியே பயன்படுத்துதல், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுதல் ஆகிய பிழைகள் பரவலாகக் காணப்படுகின்றன. நில அளவிலும் கட்டடப் பணியிலும் இப்பிழைகள் பெரும் இழப்பை உண்டாக்கக் கூடியவை.

விகிதமும் விகிதசமமும்

ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அளவுகளை வகுத்தல் மூலம் ஒப்பிடுவது விகிதம் ஆகும். இரண்டு அளவுகளும் ஒரே அலகில் இருத்தல் வேண்டும். 5 செ.மீ நீளத்தையும் 2 மீட்டர் நீளத்தையும் ஒப்பிட வேண்டுமாயின், 2 மீட்டரை 200 செ.மீ என மாற்றி, 5 : 200, அதாவது 1 : 40 என எழுத வேண்டும். ஒரே அலகில் அமைந்த இரண்டு அளவுகளின் விகிதத்துக்கு அலகு இல்லை. எனவே 1 : 40 என்பது 1 செ.மீட்டருக்கு 40 செ.மீ என்றோ, 1 அங்குலத்துக்கு 40 அங்குலம் என்றோ, ஒரு விரல்கடைக்கு நாற்பது விரல்கடை என்றோ பொருள்படும்.

இரண்டு விகிதங்கள் சமமாக இருப்பின் அவை விகிதசமத்தில் உள்ளன எனப்படும். a : b = c : d எனில், முனை உறுப்புகளின் பெருக்கற்பலன் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனுக்குச் சமமாகும்.

a × d = b × c

அளவுத்திட்டப் படத்தில் வரையப்பட்ட ஒவ்வொரு கோடும் இத்தகைய விகிதசமம் ஒன்றைத் தருகின்றது. படத்தில் உள்ள நீளம் இரு மடங்கானால் உண்மையான நீளமும் இரு மடங்காகும். படத்தில் பாதியானால் உண்மையிலும் பாதியாகும். இவ்வாறு ஒன்று மாறும் அதே மடங்கில் மற்றொன்றும் மாறுவது நேர் மாறல் எனப்படுகின்றது.

அளவுத்திட்டத்தைக் குறிக்கும் முறைகள்

அளவுத்திட்டம் பொதுவாக மூன்று முறைகளில் குறிக்கப்படுகின்றது.

சொல் முறை: "1 செ.மீ = 5 கி.மீ" எனச் சொற்களால் குறிப்பது. படிப்பதற்கு எளிதானது. ஆனால் அந்த அலகுகளில் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே உடனடியாக விளங்கும்.

பின்ன முறை: 1 : 50,000 அல்லது 1/50,000 எனக் குறிப்பது. இது பிரதிபின்னம் எனவும் வழங்கும். அலகு எதுவும் இல்லாததால் எந்த நாட்டினரும் தமக்குப் பழக்கமான அலகில் படித்துக்கொள்ளலாம்.

கோட்டு முறை: படத்தின் அடியில் ஒரு கோட்டை வரைந்து, அதனைச் சமபாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் குறிக்கும் உண்மையான தூரத்தை எழுதுவது.

மூன்றும் ஒரே செய்தியைக் கூறினாலும், படம் நகலெடுக்கப்படும்போது அவற்றுக்கிடையே முக்கியமான வேறுபாடு தோன்றுகின்றது. ஒரு படத்தை நகலெடுக்கும் இயந்திரத்தில் சிறிதாக்கினால், அதில் அச்சிடப்பட்டுள்ள 1 : 1000 என்னும் எண் மாறாது, ஆனால் கோடுகள் சுருங்கிவிடும். ஆகவே அந்த எண் பொய்யாகிவிடுகின்றது. கோட்டு முறையில் வரையப்பட்ட அளவுத்திட்டமோ படத்துடன் சேர்ந்து தானும் சுருங்குவதால் எப்போதும் சரியாகவே இருக்கும். கணினித் திரையில் விருப்பம்போல் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கப்படும் நிலப்படங்களில் கோட்டு முறையே பயன்படுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

பெரிய அளவுத்திட்டமும் சிறிய அளவுத்திட்டமும்

1 : 1000, 1 : 10,00,000 ஆகிய இரண்டில் பெரிய அளவுத்திட்டம் எது என்னும் கேள்வி மாணவர்களைக் குழப்புவது உண்டு. இவற்றைப் பின்னங்களாக எழுதினால் விடை தெளிவாகும். 1/1000 என்பது 1/10,00,000 என்பதை விடப் பெரியது. எனவே 1 : 1000 பெரிய அளவுத்திட்டம் ஆகும். பெரிய அளவுத்திட்டப் படம் சிறிய இடத்தை விரிவாகக் காட்டும். சிறிய அளவுத்திட்டப் படம் பரந்த இடத்தைச் சுருக்கமாகக் காட்டும்.

பொருளை விடப் படம் பெரிதாக இருப்பின் விகிதத்தின் முதல் உறுப்பு பெரியதாக அமையும். 3 மி.மீ நீளமுள்ள ஓர் எறும்பு 6 செ.மீ நீளத்தில் வரையப்பட்டால், விகிதம் 60 மி.மீ : 3 மி.மீ, அதாவது 20 : 1 ஆகும்.

வழக்கமாகக் காணப்படும் சில அளவுத்திட்டங்கள் பின்வருமாறு:

1 : 48 - கால் அங்குலம் ஓர் அடியைக் குறிக்கும், அடிக்கணக்கில் வரையப்படும் வீட்டு வரைபடங்கள்
1 : 100 - 1 செ.மீ 1 மீட்டரைக் குறிக்கும், கட்டட வரைபடங்கள்
1 : 50,000 - 1 செ.மீ அரை கிலோமீட்டரைக் குறிக்கும். இந்திய நில அளவைத் துறை, இலங்கை நில அளவைத் திணைக்களம் ஆகியவற்றின் இடவிளக்கப் படங்கள்
1 : 63,360 - 1 அங்குலம் 1 மைலைக் குறிக்கும், மெட்ரிக் முறைக்கு முந்தைய இடவிளக்கப் படங்கள்

கடைசியில் உள்ள 63,360 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். ஒரு மைலில் 5280 அடிகளும், ஓர் அடியில் 12 அங்குலங்களும் உள்ளன; 5280 × 12 = 63,360. சொல் முறையில் மிக எளிதாக இருந்த ஓர் அளவுத்திட்டம் பின்ன முறையில் சிக்கலான எண்ணாக மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்கிடும் முறை

அளவுத்திட்டக் கணக்குகள் மூன்று வகையாக அமையும். படத்தில் உள்ள நீளம், உண்மையான நீளம், அளவுத்திட்டம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டறியலாம்.

உண்மையான நீளத்தைக் காணல்: 1 : 50,000 அளவுத்திட்டம் கொண்ட நிலப்படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரம் 7.4 செ.மீ எனில், உண்மையான தூரம் 7.4 × 50,000 = 3,70,000 செ.மீ ஆகும். 1 கி.மீ = 1,00,000 செ.மீ என்பதால் இது 3.7 கி.மீ.

படத்தில் வரைய வேண்டிய நீளத்தைக் காணல்: 18 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடத்தை 1 : 200 அளவுத்திட்டத்தில் வரைய வேண்டும். 18 மீ = 1800 செ.மீ. 1800 ÷ 200 = 9. எனவே 9 செ.மீ நீளமுள்ள கோடு வரைய வேண்டும்.

அளவுத்திட்டத்தைக் காணல்: 2.1 கி.மீ தூரம் படத்தில் 8.4 செ.மீ ஆகக் காட்டப்பட்டுள்ளது. 2,10,000 ÷ 8.4 = 25,000. எனவே அளவுத்திட்டம் 1 : 25,000 ஆகும்.

இம்மூன்றிலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை நேர்வதை விட, அலகு மாற்றத்தில் பிழை நேர்வதே மிகுதி. விடை கிடைத்த பின் அது நடைமுறைக்குப் பொருந்துகின்றதா எனப் பார்ப்பது நல்ல பழக்கம் ஆகும். அருகருகே உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே 370 கி.மீ என விடை வந்தால், சுழியங்களை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டலா, பெருக்கலா?

பிரான்சு நாட்டுக் கணிதக் கல்வி ஆய்வாளர் கீ புரூசோ (1933 - 2024) பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு செயற்பாட்டை வடிவமைத்தார். துண்டுகளைச் சேர்த்து அமைக்கும் சதுரப் புதிர் ஒன்று பிள்ளைகளுக்குத் தரப்படும். அப்புதிரில் 4 செ.மீ நீளமுள்ள பக்கம் புதிய புதிரில் 7 செ.மீ ஆகும்படி, முழுப் புதிரையும் பெரிதாக்க வேண்டும். ஒரு குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பெரிதாக்கி வெட்டிய பின்னர், எல்லாத் துண்டுகளையும் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் "4 என்பது 7 ஆக 3 கூடியுள்ளது, எனவே எல்லாப் பக்கங்களுடனும் 3 கூட்டுவோம்" எனக் கருதுவர். ஒவ்வொருவரும் கவனமாக வெட்டினாலும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா. விடை பிழை என்பதை ஆசிரியர் கூற வேண்டியதில்லை, துண்டுகளே கூறிவிடும்.

பொருந்தாமைக்கான காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். புதிரின் மேல் வரிசையில் 4 செ.மீ, 2 செ.மீ அகலமுள்ள இரண்டு துண்டுகளும், கீழ் வரிசையில் 6 செ.மீ அகலமுள்ள ஒரே துண்டும் உள்ளன எனக் கொள்வோம். 4 + 2 = 6 என்பதால் இரண்டு வரிசைகளும் பொருந்துகின்றன.

ஒவ்வொன்றுடனும் 3 கூட்டினால்: மேல் வரிசை 7 + 5 = 12; கீழ் வரிசை 9. பொருந்தவில்லை.
ஒவ்வொன்றையும் 7/4 ஆல் பெருக்கினால்: மேல் வரிசை 7 + 3.5 = 10.5; கீழ் வரிசை 6 × 7/4 = 10.5. பொருந்துகின்றது.

மேல் வரிசையில் இரண்டு துண்டுகள் இருந்ததால் 3 இருமுறை கூட்டப்பட்டது. கீழ் வரிசையில் ஒருமுறை மட்டுமே கூட்டப்பட்டது. ஒரு நீளத்தை எத்தனை துண்டுகளாக வெட்டினாலும் மாறாத முறை பெருக்கல் மட்டுமே. k × (a + b) = k × a + k × b என்னும் பங்கீட்டு விதி இங்குக் கையில் தொட்டு உணரக்கூடியதாகின்றது. இதில் k என்பது அளவுக் காரணி எனப்படும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அளவுக் காரணி 7/4, அதாவது 1.75 ஆகும்.

கோணங்கள் மாறுவதில்லை

அளவுத்திட்டப் படத்தில் நீளங்கள் மாறுகின்றன, கோணங்கள் மாறுவதில்லை. 90° உள்ள அறையின் மூலை, 1 : 50 அளவுத்திட்டத்திலும் 90° ஆகவே வரையப்பட வேண்டும். நேரான கோணங்கள் சமமாகவும் நேரான பக்கங்கள் ஒரே விகிதத்திலும் உள்ள உருவங்கள் வடிவொத்த உருவங்கள் எனப்படும். அளவுத்திட்டப் படம் என்பது உண்மைப் பொருளுக்கு வடிவொத்த உருவமே.

இப்பண்பைப் பயன்படுத்தி, ஏறி அளக்க இயலாத உயரங்களைக் காணலாம். ஒரு கோபுரத்தின் உச்சிக்கு நேர்கீழாக உள்ள இடத்திலிருந்து 30 மீட்டர் தொலைவில், சமதரையில் நிற்கும் ஒருவர் உச்சியைப் பார்க்கும்போது ஏற்றக் கோணம் 35° எனக் கொள்வோம். அவருடைய கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1 : 500 அளவுத்திட்டத்தில் 30 மீட்டரைக் குறிக்க 6 செ.மீ நீளமுள்ள கிடைக்கோடு வரைய வேண்டும். அதன் ஒரு முனையில் கோணமானியால் 35° கோணமும், மறுமுனையில் செங்குத்துக் கோடும் வரைந்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். செங்குத்துப் பக்கத்தை அளந்தால் ஏறத்தாழ 4.2 செ.மீ இருக்கும். உண்மையில் இது 4.2 × 500 = 2100 செ.மீ, அதாவது 21 மீட்டர். கண்ணின் உயரத்தைச் சேர்த்தால் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 22.5 மீட்டர் ஆகும். முக்கோணவியல் அறியாத மாணவரும் இக்கணக்கைச் செய்ய இயலும்.

பரப்பளவும் கன அளவும்

நீளங்கள் k மடங்கானால் பரப்பளவு k × k மடங்காகும். கன அளவு k × k × k மடங்காகும். ஒரு சதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால், அதனுள் பழைய சதுரங்கள் நான்கு அடங்கும். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால், அதனுள் பழைய கனசதுரங்கள் எட்டு அடங்கும்.

1 : 50,000 நிலப்படம் ஒன்றில் ஓர் ஏரி 6 சதுர செ.மீ பரப்பில் காணப்படுகின்றது எனக் கொள்வோம். 1 செ.மீ என்பது 0.5 கி.மீ. எனவே 1 சதுர செ.மீ என்பது 0.5 × 0.5 = 0.25 சதுர கி.மீ. ஏரியின் பரப்பளவு 6 × 0.25 = 1.5 சதுர கி.மீ, அதாவது 150 எக்டேர் ஆகும். நீளத்துக்குரிய காரணியையே பயன்படுத்தி 6 × 0.5 = 3 எனக் கணக்கிட்டால் பரப்பளவு இரு மடங்காகிவிடும். ஏரியின் சராசரி ஆழம் 2 மீட்டர் எனில், அதன் உண்மையான கொள்ளளவு 30 இலட்சம் கன மீட்டர். பிழையான கணக்கில் அது 60 இலட்சம் கன மீட்டர். அந்த எண்ணை நம்பிப் பாசனத்தைத் திட்டமிட்டால், இல்லாத நீருக்கு வயல்கள் ஒதுக்கப்படும்.

கன அளவில் வேறுபாடு இன்னும் பெரிது. மேல்நிலை நீர்த்தொட்டி ஒன்றின் 1 : 10 மாதிரி 12 லிட்டர் நீர் கொள்ளும் எனில், உண்மையான தொட்டி 120 லிட்டர் அன்று, 12 × 1000 = 12,000 லிட்டர் கொள்ளும்.

இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ கலிலி 1638 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் இதன் விளைவை ஆராய்ந்தார். ஒரு விலங்கின் எல்லா நீளங்களும் இரு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கே ஆகும். எனவே எலும்பின் ஒவ்வொரு சதுர அலகும் முன்னர் தாங்கியதைப் போல் இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டியுள்ளது. பெரிய விலங்குகளின் எலும்புகள் தம் நீளத்துக்கு ஒப்பத் தடிமனாக இருப்பதற்கு இதுவே காரணம். உருவத்தில் விகிதசமத்தைப் பேணினாலும் வலிமையில் விகிதசமம் இராது என்பதைப் பொறியாளர்களும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வகுப்பறையின் தரைப்படம் வரைதல்

8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வகுப்பறையின் தரைப்படத்தை ஏ4 தாளில் வரைவதற்கான படிகள் பின்வருமாறு:

1. முதலில் கையால் ஒரு பருவரைவு வரைந்து, அளவு நாடாவால் அளந்த நீளங்களை அதில் குறித்துக்கொள்ள வேண்டும். சுவர்களுடன் கதவு, சன்னல், கரும்பலகை ஆகியவற்றின் இடங்களையும் ஒரே மூலையிலிருந்து அளக்க வேண்டும்.
2. தாளுக்கு ஏற்ற அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ4 தாள் 29.7 செ.மீ × 21 செ.மீ அளவுடையது. 1 : 25 எனக் கொண்டால் அறையின் நீளம் 32 செ.மீ ஆகும், தாளில் அடங்காது. 1 : 100 எனக் கொண்டால் 8 செ.மீ × 6 செ.மீ ஆகும், விவரங்களைக் காட்ட இடம் போதாது. 1 : 50 எனக் கொண்டால் 16 செ.மீ × 12 செ.மீ ஆகும், இதுவே பொருத்தமானது.
3. எல்லா நீளங்களையும் 50 ஆல் வகுத்து ஓர் அட்டவணை அமைக்க வேண்டும். 1.2 மீட்டர் அகலமுள்ள கதவு 2.4 செ.மீ, 1.5 மீட்டர் நீளமுள்ள மேசை 3 செ.மீ.
4. மூலைமட்டத்தைக் கொண்டு செங்கோணங்கள் அமையுமாறு சுவர்களை வரைந்து, பின்னர் உள்ளே உள்ளவற்றை வரைய வேண்டும்.
5. படத்தின் அடியில் அளவுத்திட்டத்தைப் பின்ன முறையிலும் கோட்டு முறையிலும் குறிக்க வேண்டும்.
6. படத்தில் ஒரு மூலைவிட்டத்தை அளந்து, அறையில் அதே மூலைவிட்டத்தை நாடாவால் அளந்து ஒப்பிட வேண்டும். இங்குப் படத்தில் 20 செ.மீட்டரும் அறையில் 10 மீட்டரும் இருத்தல் வேண்டும். வேறுபாடு காணப்பட்டால், அறையின் மூலையோ படத்தின் மூலையோ செங்கோணமாக இல்லை எனப் பொருள்.

படம் முடிந்த பின்னர், மேசைகளின் வடிவங்களை அதே அளவுத்திட்டத்தில் அட்டையில் வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பார்க்கலாம். கனமான மேசைகளைத் தூக்காமலேயே எத்தனை மேசைகள் அடங்கும், நடைபாதைக்கு எவ்வளவு இடம் எஞ்சும் என்பன தெரிந்துவிடும். அளவுத்திட்டப் படத்தின் பயனும் இதுவே.

நில அளவையில் பயன்பாடு

தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அதில் நிலத்தின் எல்லைக் கோடுகள் அளவுத்திட்டப்படி வரையப்பட்டு, அவற்றின் நீளங்கள் எண்களாகவும் எழுதப்பட்டிருக்கும். வரையப்பட்ட நீளமும் எழுதப்பட்ட எண்ணும் வேறுபட்டால், எழுதப்பட்ட எண்ணையே கொள்ள வேண்டும் என்பது வரைபடங்களைப் படிப்பதில் பொது விதி. தாள் சுருங்கலாம், நகல் சிறிதாகலாம். எண் அவ்வாறு மாறுவதில்லை.

இதன் இன்றியமையாமையை ஒரு கணக்கால் உணரலாம். 1 : 1000 அளவுத்திட்டத்தில் ஏ3 தாளில் உள்ள ஒரு படம் ஏ4 தாளுக்குச் சுருக்கி நகலெடுக்கப்படுகின்றது எனக் கொள்வோம். நீளங்கள் ஏறத்தாழ 0.707 மடங்காகும்; உண்மையான அளவுத்திட்டம் ஏறத்தாழ 1 : 1414 ஆகிவிடும். ஆனால் தாளில் 1 : 1000 என்றே எழுதப்பட்டிருக்கும். அந்நகலை அளவுகோலால் அளந்து கணக்கிட்டால், பரப்பளவு 0.707 × 0.707, அதாவது பாதியாகத் தோன்றும். 50 சென்ட் நிலம் 25 சென்ட் எனக் காணப்படும்.

படம் சரியாக இருப்பினும் அளப்பதில் நேரும் சிறு பிழை பெருகும். 1 : 1000 படத்தில் 1 மி.மீ என்பது நிலத்தில் 1 மீட்டர். 40 மீட்டர் × 25 மீட்டர் அளவுள்ள நிலத்தின் நீளத்தை 1 மி.மீ கூடுதலாக அளந்தால், பரப்பளவு 1000 சதுர மீட்டரிலிருந்து 1025 சதுர மீட்டர் ஆகும். 1 சென்ட் என்பது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். ஆகவே கூர்மையற்ற பென்சிலின் ஒரு கோட்டுத் தடிமனில் அரை சென்ட்டுக்கும் மேற்பட்ட நிலம் அடங்கிவிடுகின்றது.

வரலாறு

தென் மெசொப்பொத்தேமியாவில் லகாசு நகரை ஏறத்தாழ 4100 ஆண்டுகளுக்கு முன்னர் ஆண்ட குடேயா என்னும் மன்னனின் சிலை ஒன்று பாரிசில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அமர்ந்த நிலையில் உள்ள அச்சிலையின் மடியில் ஒரு பலகையும், அதில் கோயில் மதிலின் தரைப்படமும், பிரிவுகள் குறிக்கப்பட்ட ஓர் அளவுகோலும் செதுக்கப்பட்டுள்ளன. படமும் அளவுகோலும் சேர்ந்தே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வளவு பழமையானது.

கி.மு. 300 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த யூக்ளிடு தமது நூலின் ஐந்தாம் பகுதியில் விகிதசமத்தையும், ஆறாம் பகுதியில் வடிவொத்த உருவங்களையும் முறைப்படுத்தினார். இந்தியாவில் ஆரியபட்டர் கி.பி. 499 இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், தெரிந்த மூன்று அளவுகளைக் கொண்டு நான்காவதைக் காணும் மூவிராசி விதி கூறப்பட்டுள்ளது. இன்று பள்ளிகளில் அளவுத்திட்டக் கணக்குகளுக்குப் பயன்படும் முறை அடிப்படையில் இதுவே.

கி.பி. 203 க்கும் 211 க்கும் இடையில் உரோமை நகரின் பெரும் தரைப்படம் ஒன்று சலவைக்கற்களில் ஏறத்தாழ 1 : 240 அளவுத்திட்டத்தில் செதுக்கப்பட்டு, ஒரு சுவரில் பதிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 18 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் கொண்டிருந்தது. அதன் உடைந்த துண்டுகளில் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது.

1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ 12 கி.மீ நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டை உருக்குச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளந்தார். இந்தியப் பெரும் முக்கோண அளவை இக்கோட்டிலிருந்து வளர்ந்தது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். அவற்றின் மீது அடுத்தடுத்த முக்கோணங்களை அமைக்கலாம். இம்முறையில் முதற்கோட்டின் பிழை எல்லாத் தூரங்களுக்கும் அதே விகிதத்தில் பரவும். 12 கி.மீ கோட்டில் 30 செ.மீ பிழை நேர்ந்தால், 1200 கி.மீ தொலைவில் அது 30 மீட்டர் ஆகிவிடும். ஆகவேதான் அம்முதற்கோட்டை அளக்கப் பல வாரங்கள் செலவிடப்பட்டன. பின்னர் பெங்களூர் முதலிய இடங்களிலும் அடிப்படைக் கோடுகளை அளந்து சரிபார்த்தனர்.

வரம்புகள்

அளவுத்திட்டப் படம் எல்லாவற்றையும் அளவுத்திட்டப்படி காட்டுவதில்லை. 1 : 10,00,000 நிலப்படத்தில் 10 மீட்டர் அகலமுள்ள சாலையை வரைய வேண்டுமாயின், கோட்டின் தடிமன் நூறில் ஒரு மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. எனவே சாலைகளும் ஆறுகளும் உண்மையை விடத் தடிமனான கோடுகளால் காட்டப்படுகின்றன. இத்தகைய குறியீடுகளின் அகலத்தை அளந்து உண்மையான அகலத்தைக் கணக்கிடுதல் கூடாது. வளைந்து செல்லும் சாலையின் சிறு வளைவுகளும் இத்தகைய படங்களில் விடுபடுவதால், படத்தில் அளந்த தூரம் பயணத் தூரத்தை விடக் குறைவாகவே இருக்கும்.

புவி கோள வடிவுடையது என்பதால் அதன் பெரும் பகுதியைத் தட்டையான தாளில் ஒரே அளவுத்திட்டத்தில் வரைவது இயலாது. 1569 இல் வெளியான மெர்காடர் வீழலில் கோணங்கள் பேணப்படுகின்றன. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல அளவுத்திட்டம் பெரிதாகின்றது. 60° அகலாங்கில் நீளங்கள் நிலநடுக்கோட்டில் உள்ளதைப் போல் இரு மடங்காகவும், பரப்பளவுகள் நான்கு மடங்காகவும் தோன்றும். ஆப்பிரிக்காவின் பரப்பளவு கிரீன்லாந்தைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு. எனினும் மெர்காடர் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. எனவே உலகப் படத்தின் அடியில் காணப்படும் ஒரே அளவுத்திட்டத்தைப் படம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தல் தவறாகும். ஓர் ஊரின் அல்லது மாவட்டத்தின் படத்தில் இவ்வேறுபாடு மிகச் சிறியது என்பதால், அங்கு அளவுத்திட்டம் மாறாதது எனக் கொள்ளலாம்.